அடிக்கோடு போட்ட சொற்களை மட்டும் பார்த்தேன்

என் கோபத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாராவது 'ஐ ஆம் ஹேவிங் டூ சில்ட்ரன்' என்று சொன்னால் எனக்கு உச்சந்தலைவரை சுர்ரென்று ஏறும். 'டிட் யூ வென்ட்?' என்று கேட்டால் அன்றைக்குச் சாப்பாடே இறங்காது. தாம்பரத்தில் ஒரு டியூஷன் சென்டரின் போர்டில் தப்பான வினைச்சொல்லைப் பார்த்துவிட்டு, மூன்று மாடி ஏறிப் போய்ச் சண்டை போட்டவள் நான். அவர்கள் போர்டை மாற்றவில்லை. நான்தான் அந்தத் தெரு வழியாகப் போவதை நிறுத்திக்கொண்டேன்.

பல வருடம் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் எடுத்துவிட்டு வேலையை விட்டேன். வீட்டில் சும்மா உட்கார முடியவில்லை. கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் ஒரு வெள்ளை போர்டும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் போட்டு, வேலைக்குப் போகிற பெரியவர்களுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு ஆரம்பித்தேன். சாயங்காலம் ஆறு மணியிலிருந்து ஏழரை வரை. காட்டாங்குளத்தூரில் கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர்கள், பல்லாவரத்துக் கடைக்காரர் ஒருவர், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர் ஒருவர் என்று இருபது பேர் சேர்ந்தார்கள்.

நம் ஊரில் இங்கிலீஷ் டென்ஸ் எப்படிச் சொல்லித்தரப்படுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். வி ஒன், வி டூ, வி த்ரீ. கோ, வென்ட், கான். ஈட், ஏட், ஈட்டன். நானும் அப்படித்தான் சொல்லித்தந்தேன். போர்டில் பன்னிரண்டு கட்டம் போட்டு, இருபது பேரையும் ஒரே குரலில் ஒப்பிக்கவைப்பேன். கீழே தெருவில் போகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

ஆனால் ஒப்பிப்பதோடு விட்டுவிட மாட்டேன். தினமும் பத்து வாக்கியம் எழுத வேண்டும். கைடு புத்தகத்தைப் பார்த்து 'ராமன் மாம்பழம் சாப்பிட்டான்' என்று எழுதினால் நோட்டைத் தூக்கி எறிவேன். "உங்க வாழ்க்கையில நடந்ததை எழுதுங்க. உண்மைய எழுதுனாத்தான் டென்ஸ் மனசுல நிக்கும்" என்று முதல் நாளே சொல்லிவிடுவேன். வெள்ளிக்கிழமை நோட்டை என்னிடம் கொடுக்க வேண்டும். திங்கட்கிழமை திருத்தி, கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுப்பேன்.

இருபது நோட்டு, நோட்டுக்கு ஐம்பது வாக்கியம். இதை ஒரே நாளில் முடிக்க நான் ஒரு வழி வைத்திருந்தேன். ஒவ்வொரு வாக்கியத்திலும் வினைச்சொல்லுக்குக் கீழே பென்சிலால் கோடு போட வேண்டும். நான் அந்தக் கோட்டை மட்டும் பார்ப்பேன். சரியாக இருந்தால் டிக். தப்பாக இருந்தால் சிவப்பு மையில் சரியானதை எழுதுவேன். பக்கத்தில் மூன்று தப்புக்குக் குறைவாக இருந்தால் கீழே 'குட்'. ஒரு தப்பும் இல்லை என்றால் 'வெரி குட்'. சனிக்கிழமை சமையலறையில் நின்றுகொண்டே, குக்கர் இறங்குவதற்குள் பாதி நோட்டை முடித்துவிடுவேன். இந்த வேகத்தைப் பற்றி என் கணவரிடம் பீற்றிக்கொண்டது ஒரு தடவை இரண்டு தடவை இல்லை.

அந்த வகுப்பில் நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி ஒருவர் இருந்தார். அகரம்தென் பக்கம் வீடு. கேளம்பாக்கத்தில் ஒரு ஐ.டி. கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. காலை ஷிஃப்ட் முடித்து, வண்டலூர் வழியாக பஸ் மாறி, கம்பெனி கொடுத்த நீல நிறச் சேலையோடு நேராக வகுப்புக்கு வந்துவிடுவார். இங்கிலீஷில் பேசி, தினசரி ரிப்போர்ட் எழுதத் தெரிந்தால் சூப்பர்வைசர் ஆக்குகிறோம் என்று சொல்லியிருந்தார்களாம். பத்தாவது வரை படித்தவர். கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். கோடு ஒன்றுகூடக் கோணலாக இருக்காது. அவருடைய நோட்டைத் திருத்துவது என்றால் எனக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி.

நான் சொல்லப்போகிற விஷயம் நடந்தது வகுப்பு ஆரம்பித்து ஐந்து மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். வாட்ஸ்அப்பில் எங்கள் வகுப்புக்கு ஒரு குரூப் உண்டு. சில பேருடைய நோட்டு கோழி கிளறின மாதிரி இருந்ததில் எனக்கு எரிச்சல். இந்தப் பெண்மணியின் நோட்டிலிருந்து நான்கு பக்கங்களை ஃபோனில் படம் எடுத்து குரூப்பில் போட்டேன். 'நோட்டு என்றால் இப்படி இருக்க வேண்டும். பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்' என்று எழுதினேன். ஐந்து நிமிடத்துக்குள் கட்டைவிரலும் கைதட்டலுமாக வந்து குவிந்தன. கடைக்காரர் ஒரு ரோஜாப்பூ அனுப்பினார்.

அரை மணி நேரம் கழித்து ஷேர் ஆட்டோக்காரர் எனக்குத் தனியாக ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். வகுப்பிலேயே மோசமான மாணவர் அவர். ஐந்து மாதம் கழித்தும் 'யெஸ்டர்டே ஐ கோ' என்றுதான் சொல்வார். அவர் நோட்டில் என் சிவப்பு மை அவருடைய நீல மையைவிட அதிகமாக இருக்கும். ஏதோ சந்தேகம் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டுதான் கேட்டேன்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. அந்த அக்காவுக்கு இன்னா உடம்புக்கு? மாருல கட்டி கீதுன்னு எழுதிகினு கீது. நாலு பக்கத்துலயும் அதேதான் கீது. எங்க அம்மாவுக்கும் இப்டித்தான் மேடம் ஸ்டார்ட் ஆச்சு. நீங்க ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போனீங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த ஆள் எதையோ தப்பாகப் படித்துவிட்டார் என்றுதான் முதலில் தோன்றியது. வி டூ தெரியாதவருக்கு வாக்கியமா புரியப்போகிறது என்றுகூட நினைத்தேன். ஃபோனை வைத்துவிட்டு நோட்டை எடுத்தேன். நான்கு பக்கத்தையும் படம் எடுத்தது நானேதான். அரை மணி நேரத்துக்கு முன்னால் என் கண் முன்னால் இருந்த பக்கங்கள். இருந்தும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

முதல் பக்கத்திலிருந்து படித்தேன். இந்தத் தடவை கோட்டைப் பார்க்காமல், வாக்கியத்தை. அவர் இங்கிலீஷில் எழுதியிருந்ததை நான் தமிழில் எனக்குள் சொல்லிக்கொண்டே போனேன். முதல் வாரத்தில் காலை நான்கு மணிக்கு எழுந்திருக்கிறேன், இட்லி ஊற்றுகிறேன், எட்டு மாடி துடைக்கிறேன். மூன்றாவது வாரத்தில், குளிக்கும்போது இடது மார்பில் சின்னதாகக் கல் மாதிரி இருக்கிறது, நான் பயப்படுகிறேன். அதற்கு டிக் போட்டிருந்தேன். அடுத்த வாரம் இறந்த காலம். நேற்றுத் தொட்டுப் பார்த்தேன், அது நகரவில்லை. 'டிட் நாட் மூவ்ட்' என்று எழுதியிருந்தார். கடைசி எழுத்துகளை அடித்துத் திருத்தியிருந்தேன். அதற்கு அடுத்தது எதிர்காலம். சனிக்கிழமை டாக்டரிடம் போவேன். வீட்டுக்காரரிடம் சொல்வேன். அதே பக்கத்தின் கடைசியில், சொல்ல மாட்டேன், மகளுக்குத் தை மாதம் கல்யாணம், மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் நின்றுவிடும். பத்தும் சரி. கீழே என் கையெழுத்தில் 'வெரி குட்'.

நோட்டை மேஜையில் வைத்துப் புரட்டினேன். பக்கம் போகப் போகக் கல், நெல்லிக்காய் ஆனது. பிறகு எலுமிச்சம்பழம் ஆனது. 'வளர்ந்தது' என்பதற்கு 'குரோட்' என்று எழுதியிருந்தார். நான் 'குரூ' என்று திருத்தி, பக்கத்திலேயே குரோ, குரூ, குரோன் என்று மூன்று தடவை எழுதச் சொல்லியிருந்தேன். அவரும் எழுதியிருந்தார்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. அது நினைவுக்கு வந்தபோது நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒரு மாதத்துக்கு முன்னால் அவருடைய நோட்டிலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்து, யார் எழுதியது என்று சொல்லாமல் போர்டில் எழுதினேன். 'இட் ஈஸ் பெயினிங் சின்ஸ் டூ மன்த்ஸ்.' இரண்டு மாதமாக வலிக்கிறதாம். ஒரே வாக்கியத்தில் மூன்று தப்பு! எனக்குக் கிடைத்தது அல்வா. "பெயினிங்னு இனிமே யாராவது எழுதுனீங்க, எனக்குத்தான் பெயினிங்" என்று சொன்னேன். வகுப்பே சிரித்தது. அப்புறம் சரியான வாக்கியத்தை எழுதி, 'இட் ஹேஸ் பீன் ஹர்ட்டிங் ஃபார் டூ மன்த்ஸ்' என்று இருபது பேரையும் பத்துத் தடவை சொல்லவைத்தேன். ஜன்னல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து அவரும் சொன்னார். எது வலிக்கிறது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

குரூப்பில் போட்ட படங்களை அவசர அவசரமாக அழித்தேன். அதற்குள் பதினாறு பேர் பார்த்திருந்தார்கள். பார்த்தவர்களில் படித்தவர் ஒருவர்தான். அந்த ஒருவரும் என்னிடம் ஐந்து மாதமாகத் திட்டு வாங்கிக்கொண்டிருந்தவர். வெட்கத்தில் எனக்குக் காதெல்லாம் சூடேறியது.

அந்தப் பெண்மணிக்கு ஃபோன் செய்தேன். எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் அவருக்கு ஷிஃப்ட் உண்டு. ஷிஃப்டில் ஃபோனை லாக்கரில் வைத்துவிட வேண்டும் என்று ஒரு தடவை எழுதியிருந்தார். அதையும் அன்றைக்குக் காலையில்தான் படித்தேன். ஆட்டோக்காரரைக் கூப்பிட்டு, நான் நோட்டைப் படிக்கவே இல்லை என்று சொன்னேன்.

"சரி வுடுங்க மேடம். நான் வண்டி எடுத்துகினு வர்றேன். கேளம்பாக்கம்தானே, நேராப் போய் அக்காவையே கேட்டுடலாம்" என்றார்.

வண்டலூர் தாண்டி அந்த நீளமான ரோட்டில் போகும்போது அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நான்தான் புலம்பிக்கொண்டே போனேன். இருபது நோட்டை எப்படி வரி வரியாகப் படிப்பது, எந்த வாத்தியார் படிக்கிறார், எல்லோரும் இப்படித்தான் என்று எனக்கு நானே வக்கீலாக வாதாடினேன். கண்டிகை வரும்போது எனக்கே அலுத்துப்போய் வாயை மூடிக்கொண்டேன்.

மூன்று மணிக்கு ஷிஃப்ட் முடிந்து கேட்டுக்கு வெளியே நீலச் சேலைகள் கூட்டமாக வந்தன. என்னைப் பார்த்ததும் அவர் ஓடி வந்தார். "என்ன மேடம், இங்க வந்துருக்கீங்க? யாருக்காவது ஏதாச்சும் ஆயிடுச்சா?" என்றார். எதிரே இருந்த ஜூஸ் கடைக்குப் பின்னால், வேப்பமர நிழலுக்கு அழைத்துக்கொண்டு போனேன். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது.

"உங்களுக்கு மார்ல கட்டி இருக்கா?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பயம் இல்லை, கூச்சமும் இல்லை. ஆச்சரியம்தான் இருந்தது.

"ஆமா மேடம். உங்களுக்குத்தான் தெரியுமே. இப்ப என்ன புதுசா கேக்குறீங்க?"

அவரே பேசினார். "மொத தடவை எழுதிக் குடுத்தப்ப எனக்கு ரொம்ப பயமா இருந்துச்சு. வீட்ல யார்கிட்டயும் வாயத் தொறந்து சொல்ல முடியலை. தமிழ்ல அந்த வார்த்தையே வர மாட்டேங்குது. இங்கிலீஷ்ல எழுதும்போது யாருக்கோ வந்தது மாதிரி இருந்துச்சு, எழுதிட்டேன். படிச்சவங்க நீங்க, பாத்துட்டு ஏதாச்சும் சொல்லுவீங்கன்னு ரெண்டு நாளா தூங்கலை. திங்கக்கிழமை நோட்டு வந்துச்சு. குட்னு போட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தீங்க. அப்பதான் மேடம் எனக்கு உசுரே வந்துச்சு. பெருசா ஏதாவதுன்னா மேடம் குட் போடுவாங்களான்னு நெனச்சேன்."

பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு ஜூஸ் கடைக்காரனின் மிக்ஸி சத்தம் ரொம்ப தூரத்தில் கேட்டது.

"அப்புறம் வலிக்க ஆரம்பிச்சுது. அதையும் எழுதுனேன். நீங்க அத போர்டுலயே எழுதி, என் பேரச் சொல்லாம, எல்லாரையும் சேந்து சொல்லவெச்சீங்க. எனக்குத் தைரியம் வரட்டும்னுதான் மேடம் செய்றாங்கன்னு நெனச்சேன். வலி ஜாஸ்தியாகும்போது அந்தப் பக்கத்த எடுத்துப் பாத்துக்குவேன்" என்றார். சொல்லும்போது லேசாகச் சிரிக்கவும் செய்தார்.

அப்படி ஒரு அதிர்ச்சியை நான் அதற்கு முன்னால் அனுபவித்ததில்லை. யாராவது என்னைக் கன்னத்தில் அறைந்திருந்தால் தேவலை. இந்த மனுஷி என் அலட்சியத்தை மருந்துச் சீட்டாக வைத்துக்கொண்டு நாலு மாதம் ஓட்டியிருக்கிறார்.

"நான் படிக்கலைங்க" என்றேன். குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "கோடு போட்ட வார்த்தைய மட்டும்தான் பாப்பேன். வாக்கியத்தைப் படிக்க மாட்டேன்."

அவருக்குப் புரியவில்லை. நிஜமாகவே புரியவில்லை. "படிக்காம எப்படி மேடம் திருத்துவீங்க?" என்று கேட்டார்.

நான் விளக்கினேன். கோடு, டிக், சிவப்பு மை, குக்கர், எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவருடைய முகம் வெளிறிக்கொண்டே வந்தது. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு நல்லது. அவர் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு, "அப்ப நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்லையா?" என்று மட்டும் கேட்டார். அப்போதுதான் அவர் கண்ணில் முதல் தடவையாகப் பயத்தைப் பார்த்தேன்.

நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார். "தை மாசம் கல்யாணம் மேடம். அம்மாவுக்கு இந்த மாதிரின்னா பொண்ணுக்கும் வரும்னு சொல்லுவாங்க. மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு, பத்திரிகை அடிக்கக் குடுத்தாச்சு. முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்." என் புத்தி அந்த நேரத்திலும் மாறவில்லை. கோபம் வந்து கத்தினேன். நாலு பேர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். அவர் பாறை மாதிரி நின்றார்.

ஆட்டோக்காரர் என்னை ஒதுக்கிவிட்டு அவர் முன்னால் வந்தார். "யக்கா, எங்க அம்மாவும் என் கல்யாணம் முடியட்டும்னுதான் வச்சினு இருந்துச்சு. கல்யாணம் ஜாம் ஜாம்னு நடந்துச்சு. மூணாவது மாசம் அது இல்ல. இன்னிக்கி வரிக்கும் கல்யாண ஃபோட்டோவை நான் தொறந்தது கெடையாது யக்கா. உன் பொண்ணுக்கும் அந்த வேலைய வெக்காத" என்றார்.

அந்தப் பெண்மணி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். நேராகப் போய் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார். அன்றைக்குச் சாயங்காலமே வீட்டில் சொல்லிவிட்டார் என்று மறுநாள் தெரிந்தது.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். ஸ்கேன் எடுத்தார்கள், ஊசி போட்டுச் சதை எடுத்து அனுப்பினார்கள். ரிசல்ட் வந்த அன்றைக்கு டாக்டர் அறையில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். அவர், அவருடைய கணவர், நான். கணவர் தச்சு வேலை செய்கிறவர். சட்டைக் காலரில் மரத்தூள் இருந்தது. வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தார்.

டாக்டர் ஒரு பெண். நிதானமாகச் சொன்னார். புற்றுநோய்தான். வேறு இடத்துக்குப் பரவவில்லை. வைத்தியம் பண்ணலாம், நம்பிக்கை இருக்கிறது. முதலில் மருந்து ஏற்ற வேண்டும், அப்புறம் ஆபரேஷன். "ஆனா ஒரு பக்கம் மார்பை முழுசா எடுக்க வேண்டி வரும். நாலு மாசம் முன்னாடி வந்திருந்தீங்கன்னா கட்டிய மட்டும் எடுத்திருப்போம்" என்றார். நாலு மாதம் என்றதும் நான் மனதுக்குள் பக்கங்களைத் திருப்பினேன். எந்த வாரம், எந்த டென்ஸ், நான் என்ன எழுதினேன் என்பது வரை எனக்குத் தெரிந்தது.

"கட்டி இருக்குன்னு உங்களுக்கு அப்பவே தெரியுமில்ல? இவ்வளவு நாள் யார்கிட்டயும் சொல்லலையா?" என்று டாக்டர் கேட்டார்.

இப்போது சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சொல்லட்டும், அதுதான் நியாயம் என்றும் நினைத்தேன். அவர் என் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு டாக்டரைப் பார்த்தார்.

"யார்கிட்டயும் சொல்லலைங்க" என்றார்.

நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். இல்லை டாக்டர், சொன்னார், எழுதி எழுதிச் சொன்னார், என்னிடம்தான் சொன்னார் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இருபது பேருக்கு முன்னால் மணிக்கணக்காகப் பேசுகிறவள் நான்.

வெளியே வராந்தாவில் அவரை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, கணவர் என்னிடம் வந்தார். அழுதிருந்தார். அந்த மரத்தூள் கைகளைச் சேர்த்து என்னைக் கும்பிட்டார்.

"கூடவே படுத்து எந்திரிக்கிறேன், எனக்குத் தெரியலை மேடம். அவ நோட்ட ஒக்காந்து படிச்சி நீங்க கண்டுபுடிச்சிருக்கீங்க. நீங்க மட்டும் படிக்கலைன்னா நாங்க இன்னா பண்ணியிருப்போம்?"

அவருக்குப் பின்னால் பெஞ்சில் அந்தப் பெண்மணி குனிந்து, மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். கேட்டிருப்பார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அதனால என்னங்க, இருக்கட்டும்" என்றேன்.